மாமா வீட்டு மொட்டை மாடியும் சூரியக் கரண்டும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இந்த விஷயத்தை எழுதாம விட்டா மண்டை வெடிச்சிடும் போல இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, டீயும் பஜ்ஜியும் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க.

எங்க ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரையில இருந்து செங்கம் வழியா திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கு. ஒரு பக்கம் ஜவ்வாது மலை. பாராமகாலில் இருந்து கிழக்கே ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்குற கணவாய்ப் பாதை இது. 1767-ல ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித்தும் செங்கத்துல மோதிக்கிட்ட காலத்துல படைகள் ஏறி இறங்கின வழி. இப்ப ஏறி இறங்குறது சோலார் ஏஜெண்டுகள் :-)

நிஜமாத்தாங்க. ரெண்டு வருஷமா எங்க பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். "சோலார் போடலாமா? கரண்ட் பில் ஜீரோவாமே?" எவ்வளவு மானியம், எத்தனை பேனல்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தப் பலகை நம்ம மாடிக்கு எப்படி வந்துச்சு, எந்தப் பிரச்சினைக்கு மருந்தா வந்துச்சுன்னு சொல்ல ஆளில்லை. வரலாற்றுப் பைத்தியமான எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. அதைச் சொல்லாம போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியாதுங்குறது என் கட்சி.

முதல்ல கம்பிக் கதை.

எங்க பக்கத்துக்கு மின்சாரம் வந்த கதை மேற்கே இருந்துதான் ஆரம்பிக்குது. 1902-ல மைசூர் சமஸ்தானம் காவிரியில சிவசமுத்திரம் அருவிகிட்ட மின்நிலையம் கட்டி, அங்கிருந்து கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தது. சுமார் 147 கிலோமீட்டர். அன்னிக்கு உலகத்துலயே மிக நீளமான மின்பாதைகள்ல ஒண்ணு அது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துல போட்ட திட்டம். தங்கச் சுரங்கத்துல மெஷின் ஓடணும், வெள்ளைக்காரக் கம்பெனிக்கு லாபம் வரணும். வழியில இருந்த ஊர்க்காரங்க தலைக்கு மேல கரண்ட் போச்சு, வீட்டுக்குள்ள மண்ணெண்ணெய் விளக்கு எரிஞ்சுது. பெங்களூர்லயே தெருவிளக்கு எரிய 1905 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணத்துல பைக்காரா 1932, மேட்டூர் 1937. அப்புறம் 1957-ல தமிழ்நாடு மின்சார வாரியம் உருவாகி, அடுத்த முப்பது வருஷத்துல கிராமம் கிராமமாக் கம்பம் நட்டாங்க. இதுல தமிழ்நாடு பெரும்பாலான மாநிலங்களுக்கு முன்னாடியே ஓடிடுச்சு. கிணத்துக்கு மோட்டார், குடிசைக்கு ஒத்தை பல்பு. இந்த ஒத்தை பல்பு இலவச இணைப்பை எங்க தெருவுலயே பார்த்திருக்கேன். வாசல்ல ஒரு குண்டு பல்பு, அதுக்குக் கீழே மொத்தக் குடும்பமும். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க. நம்ம மாநிலத்துல கம்பி சீக்கிரமே வந்துட்டதுதான் பின்னாடி சோலாருக்கு ஒரு விதத்துல வினையாச்சு.

இப்ப பலகைக் கதை.

வெளிச்சம் பட்டா மின்சாரம் வருதுன்னு 1839-ல கண்டுபிடிச்சது எட்மண்ட் பெக்கரல்னு ஒரு பிரெஞ்சு இளைஞர். வயசு 19. (நாமெல்லாம் 19 வயசுல என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு கேக்காதீங்க.) 1883-ல சார்லஸ் ஃப்ரிட்ஸ்ங்குற அமெரிக்கர் செலினியத்துல சூரிய மின்கலம் செஞ்சு, அடுத்த வருஷம் நியூயார்க்குல ஒரு கூரை மேல வச்சார். உலகத்தின் முதல் சோலார் கூரை அதுதான்னு சொல்லலாம். விழுந்த வெளிச்சத்துல நூத்துல ஒரு பங்குதான் மின்சாரமாச்சு. அதை வச்சு ஒரு வீட்டை ஓட்ட முடியாது.

நமக்குத் தெரிஞ்ச சிலிக்கான் மின்கலம் 1954 ஏப்ரல்ல பெல் ஆய்வகத்துல வெளியாச்சு. டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன்னு மூணு பேர். செயல்திறன் 6 சதவீதம். ஒரு பொம்மை ராட்டினத்தை அதுல சுத்த விட்டுக் காட்டினாங்க. பத்திரிகைகள் எல்லாம் இனி சூரியன்தான்னு கொண்டாடினப்ப சேப்பின் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ஒரு சாதாரண வீட்டுக்குக் கூரையில சோலார் போட எவ்வளவு ஆகும்? ஒரு வாட்டுக்கு 286 டாலர். வீட்டுக்கு மொத்தம் 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர்! அதுவும் 1956-ல. "சோலார் போடலாமா"ன்னு உலகத்துல முதல்ல கணக்குப் பார்த்தவர் அதைக் கண்டுபிடிச்சவரேதான். வந்த பதில்: வேண்டாம்.

வீட்டுக்கு ஆகாதது விண்வெளிக்கு ஆச்சு. 1958-ல வான்கார்டு செயற்கைக்கோள் சோலார்ல ஓடுச்சு. அங்கே ஈபி கம்பம் நட முடியாதே! நம்ம ஆர்யபட்டா 1975-ல போனப்பவும் உடம்பைச் சுத்திலும் சூரிய மின்கலங்கள்தான், மொத்தம் 46 வாட். பெங்களூர் பீன்யாவுல கொட்டகைகள்ல வச்சுக் கட்டினது. மேலே போன சில நாள்லயே மின்வழங்கல்ல கோளாறு வந்து ஆராய்ச்சிக் கருவிகளை நிறுத்த வேண்டியதாச்சு. முதல் இந்தியச் செயற்கைக்கோளுக்கும் கரண்ட் கட் :-)

விலையைத் தரைக்கு இறக்கினதுல எலியட் பெர்மன்னு ஒருத்தருக்குப் பெரிய பங்கு. 1970-களின் தொடக்கத்துல எண்ணெய்க் கம்பெனி எக்ஸான் பணத்துல, வாட்டுக்கு 100 டாலர்னு இருந்ததை 20 டாலருக்குக் கொண்டு வந்தார். யார் வாங்கினாங்க? கடலுக்கு நடுவுல இருக்கிற எண்ணெய்த் துரப்பண மேடைகள், எச்சரிக்கை விளக்குக்காக! சூரியனுக்கு முதல் பெரிய வாடிக்கையாளர் பெட்ரோல்காரன். அதுக்கப்புறம் ஜப்பான் 1994-லயும், ஜெர்மனி 1990-ல ஆயிரம் கூரை, 1999-ல லட்சம் கூரைன்னும் மானியம் கொடுத்து வீட்டு மாடிக்குக் கொண்டு வந்தாங்க. சீனா தொழிற்சாலை போட்டுக் குவிச்சது. இன்னிக்கு உலகச் சந்தையில ஒரு வாட் பலகை கால் டாலருக்கும் கீழே. 286 எங்கே, கால் எங்கே!

நம்ம நாட்டுல 1974-ல தொடங்கின சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல முதல் சூரிய மின்கலத்தைச் செஞ்சது. 1989-ல பெங்களூர்ல டாடா பிபி சோலார் வந்தது. அதாவது ஓசூர்ல பஸ் ஏறினா போய்ச் சேர்ற தூரத்துல பேனல் தயாரிச்சுக்கிட்டிருந்தாங்க. இங்கே 1985-லயே தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை (டெடா) வந்தாச்சு. ஆனா வீட்டு மாடிக்கு வந்து சேர்ற வழி எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் வேற மாதிரியும் இருந்தது.

அந்தப் பக்கம் 1995-ல ஹரீஷ் ஹண்டே, நெவில் வில்லியம்ஸ் ரெண்டு பேரும் செல்கோன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. கம்பி எட்டாத, இல்ல எட்டியும் கரண்ட் வராத கர்நாடகக் கிராமங்கள்தான் குறி. ஒரு சின்ன பேனல், ஒரு பேட்டரி, ரெண்டோ நாலோ விளக்கு. ஏழைக்கு இதை இலவசமாத்தான் தர முடியும்னு எல்லாரும் சொன்னப்ப, கடன் கிடைச்சா ஏழையே வாங்குவான்னு நம்பி கிராமிய வங்கிகளைப் பிடிச்சாங்க. சிண்டிகேட் வங்கி மாதிரி வங்கிகள் சோலார் விளக்குக்குக் கடன் கொடுத்துச்சு. 2003-ல ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கனரா வங்கியையும் சிண்டிகேட் வங்கியையும் சேர்த்து வட்டிச் சலுகை கொடுத்தப்ப, நாலு வருஷத்துல இருபதாயிரத்துக்கு நெருக்கமான வீடுகளுக்குக் கடன்ல சோலார் வந்தது. ஹண்டேவுக்கு 2011-ல மகசேசே விருது.

அதே 2011-ல இந்தப் பக்கம் ஜெயலலிதா அரசு பசுமை வீடு திட்டத்தை அறிவிச்சது. 300 சதுர அடி வீடு, ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதுல 30 ஆயிரம் சோலார் விளக்குக்கு. படுக்கை அறை, வரவேற்பறை, சமையலறை, கழிப்பறை, வராண்டா என்று அஞ்சு சிஎஃப்எல் விளக்கு. வருஷத்துக்கு 60 ஆயிரம் வீடு. விருப்பப்பட்டா ஈபி இணைப்பும் வாங்கிக்கலாம்.

திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கூரை வீட்டுல மழைக்கு நனைஞ்சவங்களுக்கு கான்கிரீட் தளம் கிடைச்சது சின்ன விஷயம் இல்லை. ஆனா சோலார் கணக்குல மட்டும் பார்த்தா ஒரு சிக்கல் இருக்கு. ஈய பேட்டரி மூணுல இருந்து அஞ்சு வருஷம்தான் தாங்கும். ஈபி கம்பி வாசல்லயே இருக்கிற ஊர்ல பேட்டரி செத்தா அழுவுறதுக்கு யாரு இருக்கா? எங்க பக்கம் சில பசுமை வீடுகள்ல பேனல் மட்டும் மேலே வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும், கீழே பேட்டரிப் பெட்டியில கோழிக் குஞ்சு. அந்தப் பக்கம் பேட்டரி போனா வீடு இருட்டு, அதனால மாத்துவாங்க. இந்தப் பக்கம் ஸ்விட்சைப் போட்டா ஈபி விளக்கு எரியும். மேலே சொன்னேனே, கம்பி சீக்கிரம் வந்துட்டது வினையாச்சுன்னு, அது இதுதான். "விளக்கே இல்லையே"ங்குற கேள்விக்குச் செஞ்ச மருந்தை அந்த நோய் இல்லாத வீட்டுக்குக் கொடுத்தோம்.

அந்த நோய் இல்லாட்டியும் நமக்கு வேற ஒரு நோய் வந்தது. மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் கட்!

2008-ல ஆரம்பிச்சது. அப்ப ஆற்காட்டார் பேரை இழுக்காத மொக்கைப் பதிவு ஒண்ணாவது உண்டா சொல்லுங்க? பதிவு டைப் பண்ணி சேமிக்கறதுக்குள்ள பொட்டுனு போகும். பழைய ஆளுங்களுக்கு எல்லாம் அந்த வயித்தெரிச்சல் ஞாபகம் இருக்கும். ஆட்சி மாறினா சரியாயிடும்னு நினைச்சா 2012-ல உச்சத்துக்குப் போச்சு. சென்னைக்கு ரெண்டு மணி நேரம். நமக்கு? பத்து மணி நேரம், பன்னெண்டு, அந்த வருஷக் கடைசியில சில இடத்துல பதினாறு. கிருஷ்ணகிரி மாவட்டமும் அதுல ஒண்ணு. ஓசூர் சிப்காட்ல சின்னப் பட்டறைகள் எல்லாம் டீசல் ஜெனரேட்டர்ல மூச்சு விட்டுச்சு. என் மாமா மக அந்த வருஷம்தான் பன்னெண்டாவது. மெழுகுவத்தி வெளிச்சத்துல இயற்பியல் படிச்சா. கொசு ஒரு பக்கம், வேர்வை ஒரு பக்கம், அத்தை பக்கத்துல உட்கார்ந்து விசிறிக்கிட்டே தூங்கி விழுவாங்க.

இந்தப் பின்னணியிலதான் 2012 அக்டோபர்ல தமிழ்நாடு சூரியசக்திக் கொள்கை வந்தது. 2015-க்குள்ள 3000 மெகாவாட்னு இலக்கு. வீட்டு மாடிக்கு ஒரு ஊக்கத்தொகையும் அறிவிச்சாங்க: 2014 மார்ச்சுக்குள்ள போட்டா, தயாரிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் ரெண்டு வருஷம் 2 ரூபாய், அடுத்த ரெண்டு வருஷம் 1 ரூபாய், அதுக்கடுத்த ரெண்டு வருஷம் 50 காசு. அப்புறம் மத்திய அரசோட 30 சதவீத மானியத்துக்கு மேல மாநிலம் கிலோவாட்டுக்கு 20 ஆயிரம் தர்ற திட்டமும் வந்தது. பெரிய தொழிற்சாலைகள் இவ்வளவு சதவீதம் சோலார் கரண்ட் வாங்கியே ஆகணும்னு ஒரு கட்டாயமும் கொள்கையில இருந்தது. அதை 2014-ல மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செஞ்சிடுச்சு.

வீட்டுக்காரங்க என்ன பண்ணாங்க? கொள்கையை எல்லாம் யாரும் படிக்கலை. இன்வெர்ட்டர் கடைக்கு ஓடினாங்க. காசு இருந்தவங்க அதோட ஒரு பேனலும் சேர்த்துக்கிட்டாங்க. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல "சோலார்"னா அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான்: ஈபி போனாலும் எரியும் விளக்கு. இந்த அர்த்தம் சனங்க மனசுல ஆணி அடிச்ச மாதிரி உட்கார்ந்துடுச்சு. சாமான் மாறினப்புறமும் அர்த்தம் மாறலை.

மாறின சாமான் என்னன்னா, நெட் மீட்டரிங். பேட்டரி கிடையாது. பகல்ல மாடியில தயாராகிற கரண்ட் வீட்டுக்குப் போக மிச்சம் ஈபி கம்பிக்குப் போகும், ராத்திரி ஈபியில இருந்து வாங்கிக்கலாம், ரெண்டையும் கழிச்சு மிச்சத்துக்கு பில். மின்வாரியமே உங்க பேட்டரி மாதிரி. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013 நவம்பர்ல இதுக்கு ஆணை போட்டது. நல்ல ஆரம்பம். ஆனா 2019-ல புதுக் கொள்கை வந்தப்ப, நீ வாங்குறதுக்கு ஒரு விலை, நீ கொடுக்கிறதுக்கு அதைவிடக் குறைஞ்ச விலைன்னு மாத்திட்டாங்க. அப்புறம் 2021 அக்டோபர்ல வீடுகளுக்கு மட்டும் பழையபடி நெட் மீட்டரிங்! இருபத்தஞ்சு வருஷம் உழைக்கிற பேனலுக்கு எட்டு வருஷத்துல மூணு விதி. இப்படி இருந்தா மனுஷன் நம்பிப் பணம் போடுவானா? அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். அதிக யூனிட் எரிக்கிற வீடும் கம்பெனியும் கொடுக்கிற காசுலதான் கம்மியா எரிக்கிறவனுக்குச் சலுகை தர முடியுது. அந்தப் பெரிய வாடிக்கையாளர் மாடியில பேனல் போட்டு விலகிட்டா, வாரியத்துக்கு மிஞ்சுறது நஷ்டக் கணக்கு மட்டும்தான்.

இதுக்கு நடுவுல 2016-ல கமுதியில 2500 ஏக்கர்ல 648 மெகாவாட் சோலார் பூங்கா திறந்தாச்சு. வயல்வெளி சோலார்லயும் காத்தாடியிலயும் தமிழ்நாடு கில்லி. வீட்டு மாடியில மட்டும் குஜராத் முன்னாடி போக நாம பின்தங்கி நிக்கிறோம். ஏன்? சோம்பேறித்தனம், விழிப்புணர்வு இல்லைன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம சனங்க கணக்குல புலி. கணக்கு உதைக்குது, அதான் போடலை.

மாமா விஷயத்துக்கு இப்ப வரேன்.

2024 பிப்ரவரியில மத்திய அரசு பிரதமர் சூரிய வீடு திட்டத்தைக் கொண்டு வந்தது. 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடு, 2026-27 வரைக்கும்னு அறிவிப்பு. ரெண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், மூணாவதுக்கு 18 ஆயிரம், ஆக மொத்தம் 78 ஆயிரம் மானியம். அதுக்கு மேல எத்தனை கிலோவாட் போட்டாலும் 78 ஆயிரம்தான். உள்நாட்டுல செஞ்ச பேனலாவும் இருக்கணும். ஒரு ஏஜெண்ட் சிங்காரப்பேட்டையில மாமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெண்டு டம்ளர் மோர் குடிச்சிட்டு, மூணு கிலோவாட்டுக்கு ரெண்டு லட்சம்னு தாள் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். மானியம் போக 1 லட்சத்து 22 ஆயிரம் கைக்காசு. மாமா எனக்குப் போன் பண்ணார்.

"மாப்ளே, போட்டுடலாம்னு இருக்கேன். புளி வித்த காசு இருக்கு. இனிமே கரண்ட் போற தொல்லை இருக்காதுல்ல?"

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு.

"மாமா, கரண்ட் போனா இதுவும் நின்னுடும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வெயில் அடிச்சிக்கிட்டு இருக்கும்போதுமா?"

ஆமாங்க, அப்பவும்தான். பேட்டரி இல்லாம ஈபியோட இணைச்ச சோலார், ஈபி கம்பியில கரண்ட் இல்லைன்னு தெரிஞ்ச உடனே தானா அணைஞ்சிடும். இல்லைன்னா லைன்மேன் ஃப்யூஸைப் பிடுங்கிட்டுக் கம்பத்துல ஏறி வேலை பார்த்துக்கிட்டிருக்கும்போது நம்ம மாடிக் கரண்ட் கம்பியில போய் அவரை அடிச்சிடும். உயிர் விஷயம், அதனால உலகம் பூரா இதே விதி. கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரியும் அதுக்கேத்த ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேணும், அதுக்குச் செலவு எகிறும். மானியம் பேனல் அளவுக்குத்தான், பேட்டரிக்குத் தனியா கிடையாது. ஏஜெண்ட் பொய் சொல்லலை. மாமா கேக்கலை, அவரும் சொல்லலை.

மாமா கேட்டது 2012-ஓட கேள்வி. விக்கிறது 2024-ஓட பதில். அது கரண்ட் கட்டுக்கு இல்லை, கரண்ட் பில்லுக்கு.

சரி, பில்லையாவது பார்ப்போம்னு வெள்ளை அட்டையை எடுக்கச் சொன்னேன். மாமா வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் பக்கம். ரெண்டே பேரு, ஏசி கிடையாது. 2022 செப்டம்பர் கட்டணத்தை வச்சுச் சொல்றேன், 2024 ஜூலையில இன்னும் கொஞ்சம் ஏத்தினாங்க, ஆனா கணக்கோட ஜாடை அதேதான். முதல் 100 யூனிட் இலவசம் (2016-ல வந்தது). அடுத்த 100-க்கு யூனிட் ரெண்டே கால் ரூபாய், அதுக்கடுத்த 100-க்கு நாலரை. ஆக 225-ம் 450-ம் 675 ரூபாய். வருஷத்துக்கு 4050. பேனல் போட்டு பில்லை அப்படியே பூஜ்யமாக்கினாலும் 1 லட்சத்து 22 ஆயிரத்தை எடுக்க முப்பது வருஷம். மாமாவுக்கு வயசு 64. சின்னதா ஒரு கிலோவாட் போட்டாலும் மிச்சமாகப் போறது அந்த மலிவு யூனிட்தான்.

இப்ப ஓசூர்ல சொந்த வீடு கட்டியிருக்கிற மாமா மகன், என் மச்சான் கணக்கைப் பாருங்க. ரெண்டு ஏசி, ஹீட்டர், வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட். 500-ஐத் தாண்டினா அந்த ரெண்டே கால் ரூபாய்ச் சலுகை போயிடும். 101-ல இருந்து 400 வரை நாலரை, அப்புறம் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9. கூட்டினா 1350, 600, 800, 1800. மொத்தம் 4550. வருஷத்துக்கு 27,300. மூணு கிலோவாட் போட்டா நம்ம பக்கம் கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்னு தோராயமா வச்சா, ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட். மிச்சம் 80 யூனிட், அது இலவச நூறுக்குள்ளயே அடங்கிடும். போட்ட காசு நாலரை வருஷத்துல கைக்கு வந்துடும். அப்புறம் இருபது வருஷம் சும்மா.

ஒரே மானியம், ஒரே பேனல், ஒரே குடும்பம். அப்பாவுக்கு முப்பது வருஷம், மகனுக்கு நாலரை. தமிழ்நாட்டுல பெரும்பாலான வீடுகள் மாமா மாதிரி. கம்மியா எரிக்கிறவனுக்குக் கம்மி விலைங்குற நல்ல காரியமே சோலாருக்குக் குறுக்க நிக்குது. அந்தச் சலுகையை எடுத்துட்டா சோலார் பெருகும்னு சில நிபுணர்கள் எழுதறாங்க. எடுத்துப் பாருங்க, கோட்டையில யார் உட்கார்ந்திருந்தாலும் அடுத்த தேர்தல்ல தெரியும் சேதி.

பணத்துக்கு அப்பால சில விஷயம் ஏஜெண்ட் தாள்ல இருக்காது, அதையும் சொல்லிடறேன். ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி மாடி போகும், நிழல் விழாத இடமா வேற இருக்கணும். தெற்கே பார்த்து, நம்ம ஊருக்கு ஒரு பன்னெண்டு டிகிரி சாய்வா வைக்கணும். வெயில் கொளுத்துனா கரண்ட் கொட்டும்னு நினைக்காதீங்க. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. பேனல் சூடு 25 டிகிரியைத் தாண்டினா ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவா உற்பத்தி விழும். சித்திரை மதியத்துல பேனல் தோசைக்கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் தூசி. நம்ம மாவட்டத்துல கிரானைட் குவாரியும் லாரியும் எவ்வளவுன்னு சொல்ல வேண்டாம், ரோட்டோரத்து வீடுன்னா மாசத்துக்கு ரெண்டு தடவையாவது துடைக்கணும். மலையடிவாரத்துக் குரங்குங்க கூட்டமா வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரியணுமா?

மாடியை நம்ம ஊர்ல சும்மா கிடக்கிற இடம்னு நினைக்கிறது தப்பு. மாசி, பங்குனியில புளி காயும். கேழ்வரகு காயும். அத்தையோட வடாம், மோர் மிளகாய், அப்புறம் கோடையில ராத்திரிப் படுக்கை. ஏஜெண்ட் கண்ணுக்கு 600 சதுர அடி காலி இடமாத் தெரிஞ்சது அத்தை கண்ணுக்கு வருமானம். கம்பி ஸ்டாண்டை எட்டடி உயரத்துல வச்சா கீழே புழங்கலாம், ஆனா வெயில் பேனலுக்குப் போயிடும், புளிக்கு நிழல்தான் மிஞ்சும். கூடவே அந்த உயரத்துக்கு இரும்பும் காத்துக்குத் தாங்குற அடித்தளமும் தனிச் செலவு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல்ல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிங்களை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போன படத்தை எல்லாரும் பார்த்தீங்க. அந்த மாதிரி நாளையும் மனசுல வச்சுத்தான் போல்ட்டு முடுக்கணும்.

இதையெல்லாம் சொன்னப்ப மாமா ஒண்ணு கேட்டார். "அப்ப நான் பில்லுக்காகவா மாப்ளே கேட்டேன்? அந்தப் புள்ள மெழுகுவத்தியில படிச்சுதே, அதுக்காகக் கேட்டேன்." அந்தப் புள்ள இப்ப பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். அது படிச்சு முடிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. கரண்டும் இப்ப எல்லாம் அந்த மாதிரி போறதில்லை, மழை காத்துன்னா ரெண்டு மூணு மணி நேரம். ஆனாலும் மனுஷனுக்குள்ள அந்த 2012 இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

கடைசியில மாமா சாதாரண இன்வெர்ட்டர் ஒண்ணும் பேட்டரி ஒண்ணும் வாங்கிட்டார். ஃபேன் ரெண்டு, விளக்கு நாலு, டிவி. நாலு மணி நேரம் தாங்குது. ஏஜெண்ட் கேட்டதுல கால் பங்கு கூட ஆகலை. புளிக் காசுல மிச்சத்தை மகனுக்குக் கொடுத்துட்டார், "உன் மாடியில போட்டுக்கோ"ன்னு. மச்சான் விண்ணப்பம் போட்டு, இடம் பார்க்க ஆள் வந்துட்டுப் போயாச்சு, மீட்டர் மாத்தறதுக்குக் காத்திருக்கான். இதுக்கு நடுவுல அத்தை ஓசூருக்குப் போய் மாடியைப் பார்த்துட்டு, தெக்குப் பக்கம் ஒரு ஓரத்துல வடாம் காய எட்டுக்கு எட்டு இடம் விட்டே ஆகணும்னு சொல்லிட்டாங்க. ஆறு பேனலா, அஞ்சா? இந்தப் பதிவு எழுதுற வரைக்கும் முடிவாகலை.